‘வீடு வாடகைக்கு’ என்னும் உரைநடை

அரபியில் ‘பைத்’ என்றால் வீடு. செய்யுளின் ஓரடிக்கும் அதே பெயர்தான். அந்த அடியின் பாதியைக் குறிக்கும் ‘மிஸ்ராஉ’ என்னும் சொல்லுக்கு இரட்டைக் கதவின் ஒரு பலகை என்னும் பொருளும் உண்டு. திருமண வீடுகளிலும் மவ்லிது மஜ்லிசுகளிலும் பைத்து ஓதும் நம்மவரில் பலர், தாம் வீட்டின் பெயரைத்தான் உச்சரிக்கிறோம் என எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். வீட்டையும் செய்யுளையும் ஒரே சொல்லால் அழைத்த மொழியில் பயின்றவர் நாம். ஆதலின் வாடகை வீட்டு விளம்பரத்தை ஓர் இலக்கிய இதழில் எடுத்து ஆராய்வது இடந்தவறிய செயலாகாது என்றே கருதுகிறோம்.

ஆராயவேண்டிய தேவையும் உண்டு. மகனின் கல்லூரிப் படிப்புக்காகவோ மருமகனின் வேலைக்காகவோ சென்னைக்குக் குடிபெயரும் ஒரு குடும்பம், ஒரு மாத காலத்தில் படிக்கும் உரைநடையில் பெரும்பகுதி இந்த விளம்பரங்களே. 99ஏக்கர்ஸ் 2005இலும், மேஜிக்பிரிக்ஸ் 2006இலும், நோபுரோக்கர் 2014இலும் தோன்றின. இவை போக முகநூற் குழுக்கள், வாட்ஸ்அப் குழுக்கள், வீட்டைச் சுற்றிக் காட்டும் சிறு காணொளிகள். கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம். ஒருவர் தம் சேமிப்பில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுப்பதற்கு முன் படிக்கும் வாசகத்தை மட்டும் எவரும் இலக்கியமாகக் கருதி நிறுத்துப் பார்ப்பதில்லை.

முன்பு இந்த வேலையைச் செய்தது வாயிற்கதவில் தொங்கிய ‘டு-லெட்’ பலகை. செழியன் இயக்கித் தேசிய விருது பெற்ற திரைப்படம் ஒன்று அந்தப் பலகையின் பெயரையே தன் பெயராகக் கொண்டிருக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சென்னையில் ஒரு குடும்பம் வீடு தேடி அலைவதே அதன் கதை. திரைப்படம் பற்றி இங்கே மேலும் பேசுவது நம் வேலையன்று. பலகையைப் பற்றிப் பேசுவோம். அதில் எழுத்து மிகக் குறைவு. ஆனால் அது வீட்டின் மீதே தொங்கியது. படித்தவன் தலையை உயர்த்தினால் வீடு தெரியும். சுவரின் ஈரமும், எதிரே உள்ள சாக்கடையும், மாடிப்படியின் அகலமும் தெரியும். தெருவில் நடந்து செல்பவர் எவராயினும் அதற்கு வாசகரே.

பின்னர் நாளிதழின் வரி விளம்பரம் வந்தது. அதற்குக் கட்டணம் சொல்லுக்கோ வரிக்கோ கணக்கிடப்பட்டதால், எழுதியவர் சிக்கனத்தைக் கற்றார். அறை எத்தனை, மாடி எது, வாடகை எவ்வளவு என்பதோடு நிறுத்தினார். இன்றைய கைப்பேசி விளம்பரத்தில் ஒரு சொல் கூட்டினால் ஒரு காசும் கூடுவதில்லை. செலவில்லாத இடத்தில் அடைமொழிகள் களைபோல் முளைத்துவிட்டன. ‘விசாலமான’, ‘அருமையான காற்றோட்டமுள்ள’, ‘அமைதியான சூழலில்’, ‘அனைத்து வசதிகளுக்கும் மிக அருகில்’. நூறு விளம்பரங்களைப் படித்தவர் இந்தச் சொற்களை ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் வைத்தாலும் வேறுபாடு தோன்றாது. எந்த வீட்டுக்கும் பொருந்தும் சொல் எந்த வீட்டையும் சொல்லாது. ‘மெட்ரோ நிலையத்திலிருந்து 5 நிமிடம்’ என்கிறார் ஒருவர். நடந்தா, இருசக்கர வண்டியிலா, அதிகாலை ஃபஜ்ரு நேரத்திலா, மாலை ஆறு மணிக்கா என்று கேட்டால், அந்த 5 நிமிடம் 25 ஆகும்.

சொல்லின் வெறுமையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மௌனத்தைப் பொறுப்பது கடினம். சென்னையில் வாடகை வீட்டைப் பற்றி எழுதுபவர் முதலில் எழுதவேண்டியது தண்ணீரைப் பற்றித்தான். 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, குடங்களோடு மக்கள் லாரிக்குக் காத்திருந்தனர். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி உள்ளிட்ட தென்பகுதிகளில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. இத்தனைக்குப் பிறகும், அப்பகுதியின் தரைத்தள வீட்டுக்கு எழுதப்படும் விளம்பரத்தில் மாடுலர் கிச்சன் உண்டு, பால்கனி உண்டு, வாஸ்து உண்டு. மழை மட்டும் இல்லை.

இந்த இடத்தில் நம் நினைவுக்கு வருவது மதீனாவின் கடைத்தெருவில் நிகழ்ந்ததாக ஸஹீஹு முஸ்லிமில் பதிவாகியிருக்கும் நிகழ்ச்சி. தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வினவினார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றான் வணிகன். அவ்வாறாயின் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, வஞ்சிப்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற பொருள்பட எச்சரித்தார்கள். இந்த ஹதீதை வஞ்சகத்தைக் கண்டிக்கும் பொது வாக்காகவே நாம் மிம்பர்களில் கேட்டுப் பழகிவிட்டோம். அதன் நுட்பம் வணிகனின் விடையில் இருக்கிறது. அவன் பொய் சொல்லவில்லை. மழை பெய்தது உண்மை. நனைந்தது அவன் குற்றமும் இல்லை. நனைந்த தானியத்தை விற்கக்கூடாது என்றும் அவனுக்குச் சொல்லப்படவில்லை. கேட்கப்பட்டது ஒன்றே: எதை மேலே வைத்தாய், எதை அடியில் வைத்தாய்? பொருளை அடுக்கும் வரிசையிலேயே வஞ்சகம் இருக்கலாம் என்பதை அந்தக் கேள்வி காட்டிவிட்டது. வாடகை விளம்பரம் என்பது அடுக்கும் கலையே அன்றி வேறென்ன?

புகைப்படம் இந்தக் கலையின் உச்சம். கைப்பேசியின் அகலக்கோண வில்லையை அறையின் மூலையிலோ நிலைப்படியிலோ வைத்து எடுத்தால், பத்தடி அறை பதினைந்தடியாகத் தோன்றும். எல்லா விளக்குகளையும் ஏற்றிவைத்தால், நடுப்பகலிலும் இருளும் கூடம் ஒளிரும். படத்தில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. படம் எடுத்தவரைப் பிடித்துக் கேட்க ஒன்றுமில்லை. ஆனாலும் பத்துப் படங்களில் ஒன்றேனும் சன்னலிலிருந்து வெளியே பார்த்து எடுத்ததாக இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இராது. அடுத்த வீட்டுச் சுவர் மூன்றடியில் நிற்கும்.

ஃபிக்ஹு நூல்கள் இதைப் பற்றி வியக்கத்தக்க கூர்மையோடு பேசுகின்றன. காணாத பொருளின் விற்பனை செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால முடிவு. ஹனஃபி மத்ஹபில் அது செல்லும். எனினும் வாங்கியவன் பொருளைக் கண்டபின் மறுத்துவிடும் உரிமை பெறுகிறான். ‘கியாருர் ருஃயா’ என்பது அதன் பெயர். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளுமாக வாழும் நம் குடும்பங்கள் எந்த வழியைப் பற்றினாலும், முன்பணத்துக்கு முன் கண் போய் வரவேண்டும் என்ற கருத்து இரண்டிலும் இருக்கிறது. வாடகை என்பது இஜாரா. அதில் கைமாறுவது சுவரன்று, அச்சுவருக்குள் வாழும் பயன். அந்தப் பயன் இன்னதென்று தெரிந்திருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. படத்தை மட்டும் நம்பி ‘டோக்கன் அட்வான்ஸ்’ அனுப்புவோரின் பணம், பிறர் வீட்டுப் படத்தைத் திருடிப் போட்டு, ‘இராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது’ என்று எழுதும் மோசடிக்காரனிடம் போய்ச் சேர்ந்த செய்திகளை நாளிதழ்களில் படிக்கிறோம். அங்கே வீடே இல்லை.

அளவும் இப்படித்தான். ‘1,200 சதுர அடி’ என்று எழுதியிருக்கும். அதில் மாடிப்படி, மின்தூக்கி, நடைவழி ஆகியவற்றின் பங்கும் சேர்ந்திருக்கும். கதவைத் திறந்து உள்ளே சென்றால் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வெளியே நின்றுவிடும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அடுக்கக விற்பனையில் சுவர்களுக்கு உட்பட்ட தளப்பரப்பையே சொல்லவேண்டும் என்று வகுத்தது. வாடகைக்கு விடுபவரை அது தொடுவதில்லை. அளவில் குறைப்போரின் பெயரால் திருமறையில் 83ஆவதாக ஓர் அத்தியாயமே உண்டென்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர்.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இருந்தாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கூடாது என்கிறது. ‘அட்வான்ஸ் 10 மாதம்’ என்ற விளம்பரங்கள் அந்த ‘ஒழிய’ என்னும் சொல்லில்தான் குடியிருக்கின்றன.

தரகரை இங்கே குறைகூறுவது வழக்கம். நாம் அதைச் செய்யப்போவதில்லை. அரபியில் தரகருக்குரிய ‘தல்லால்’ என்னும் சொல், வழிகாட்டுதல் என்னும் பொருளுள்ள வேரில் பிறந்தது. ஸஹீஹுல் புகாரியின் இஜாரா நூலில் தரகுக்கூலிக்கெனத் தனிப் பாடமே இருக்கிறது. தெருவின் தண்ணீர் வரலாற்றைத் தெரிந்த ஒரு நல்ல தரகர், நாற்பது புகைப்படங்களுக்கு ஈடாவார். ‘இதே வீட்டை இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்’ என்று இல்லாத மூவரைப் படைக்கும்போதுதான் அவர் தவறுகிறார். வாங்கும் எண்ணமின்றி விலையேற்றிக் கேட்கும் ‘நஜ்ஷு’க்கு உடன்பிறந்தது அது.

இனி, இவ்விளம்பரங்களின் உள்ளக்கிடக்கைக்கு வருவோம். மேற்சொன்ன அடைமொழிக் காட்டுக்குள் தெளிவாகவும் சுருக்கமாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் எழுதப்படும் வாக்கியம் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் கடைசி வரி. ‘சைவ உணவினர்க்கு மட்டும்.’ ‘குடும்பத்தினர்க்கு மட்டும், பேச்சிலர்கள் அழைக்கவேண்டாம்.’ வீட்டைச் சொல்லும்போது தடுமாறிய எழுத்தாளர், ஆளைச் சொல்லும்போது அணியிலக்கணம் கற்றவராகிவிடுகிறார்! இந்த விளம்பரங்களின் மிகப் பெரிய குறை இதுவே என்பது நம் துணிபு. வீட்டைப் பற்றி எழுதுவதாகத் தொடங்கி, வரப்போகிறவனைப் பற்றி எழுதி முடிக்கிறது.

உணவுக் கட்டுப்பாடு உண்மையிலேயே உணவைப் பற்றியதாக இருக்கும் வீடுகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் அந்தச் சொல் பல இடங்களில் பெயருக்குப் பதிலாக நிற்கிறது என்பதை வீடு தேடிய முஸ்லிம் குடும்பங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இன்று கணினித் துறையில் இருப்பவர், ஒரு விளம்பரத்தைக் கண்டு அழைத்தார். வேலை, சம்பளம், பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் கேட்டு மகிழ்ந்த வீட்டுக்காரர் இறுதியில் பெயரைக் கேட்டார். கேட்டதும் வீடு முடிந்துவிட்டது என்றார். அந்த விளம்பரம் மேலும் மூன்று வாரம் அப்படியே இருந்தது. “ஹஸ்ரத், விளம்பரத்துக்கு மட்டும் பொய் சொல்ல வரவில்லை” என்றார் மாணவர்.

இதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. சௌகதா தத்தா, விக்ரம் பத்தானியா என்னும் இரு பொருளியலறிஞர்கள் டெல்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இணையத்தில் வாடகைக்கு வந்த வீடுகளுக்கு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினர். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஹெல்சிங்கி ஆய்வு நிறுவனம் 2016இல் அம்முடிவை வெளியிட்டது. உயர்சாதி இந்துப் பெயருக்கு 100க்கு 35 என்ற அளவில் வீட்டுக்காரர்கள் மறுமொழி தந்தனர். முஸ்லிம் பெயருக்கு 22. அந்த விளம்பரங்களைப் படித்தவர்க்கு இந்த வேறுபாடு கண்ணில் பட்டிராது.

அமெரிக்க நாட்டின் 1968ஆம் ஆண்டு நியாய வீட்டுவசதிச் சட்டம் இவ்விடத்தில் ஓர் உரைநடைத் திறனாய்வாளரைப்போல் நடந்துகொள்கிறது. தாமும் அதே கட்டடத்தில் குடியிருக்கும் சிறு வீட்டுக்காரர்களுக்கு, யாரைக் குடிவைப்பது என்பதில் அச்சட்டம் ஓரளவு விலக்கு அளிக்கிறது. ஆனால் விளம்பரத்துக்கு அந்த விலக்கு இல்லை. இன்ன இனத்தாருக்கு, இன்ன சமயத்தாருக்கு மட்டும் என்று எழுதினால், எழுதியதே குற்றம். மனத்தில் வைத்திருப்பது வேறு, ஊரறிய விளம்புவது வேறு என்று சட்டம் பிரித்துப் பார்த்தது. அந்நாட்டு வீட்டுவசதித் துறை 1995இல் தன் அலுவலர்க்கு அனுப்பிய விளக்கக் குறிப்பு இன்னும் நுட்பமானது. கட்டடத்தில் வழிபாட்டறை உண்டு என்று எழுதலாம், யூதர் முறைப்படியான உணவு கிடைக்கும் என்று எழுதலாம் என்கிறது அக்குறிப்பு. அவை வீட்டின் வருணனை. இன்ன சமயத்தார் வரவேண்டும் என்பது ஆளின் வருணனை. கோடு அங்கேதான் விழுகிறது.

கருவி மாறியதும் குற்றம் சொல்லை விட்டு வெளியேறியது. ஒரு தளத்தின் படிவத்திலேயே ‘எத்தகையோர் வேண்டும்’ என்ற கட்டம் இருந்தால், அப்படி எண்ணியிராத வீட்டுக்காரரும் ஏதோ ஒன்றைத் தொட்டுத்தானே ஆகவேண்டும்? அறைத்தோழரைத் தேடித் தரும் ஓர் அமெரிக்கத் தளத்தின் வழக்கில், 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவ்வாறு விடையைக் கட்டாயப்படுத்திக் கேட்கும் தளமும் அந்த வாசகத்துக்கு ஓர் ஆசிரியரே என்ற முடிவுக்கு வந்தது. (அறையைப் பகிர்ந்து வாழ்வோர்க்கு அச்சட்டம் பொருந்தாதென்று 2012இல் அதே நீதிமன்றம் கூறியது வேறு செய்தி.) நம் நாட்டுத் தளங்கள் சிலவற்றில் ‘அசைவம் அனுமதி உண்டா’ என்ற கட்டத்தைக் காணும்போதெல்லாம் அந்தத் தீர்ப்பு நினைவுக்கு வருகிறது.

முகநூல் வழக்கு அதனினும் ஆழமானது. விளம்பரதாரர் தம் விளம்பரம் எந்த இனத்தாருக்குத் தெரியக்கூடாது என்று அங்கே தேர்ந்தெடுக்க முடிகிறது என்பதை, 2016இல் ‘ப்ரோபப்ளிகா’ என்னும் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. 2019 மார்ச்சில் அமெரிக்க வீட்டுவசதித் துறை அந்நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டியது. 2022 ஜூனில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அது 1,15,054 டாலர் அபராதம் செலுத்தவும், வாடிக்கையாளரை ஒத்த முகங்களைத் தேடித் தந்த ஒரு கருவியை நிறுத்தவும் ஒப்புக்கொண்டது. அச்சட்டப்படி விதிக்கக்கூடிய உச்ச அபராதமே அவ்வளவுதான் என்கிறார்கள். அந்நிறுவனத்துக்கு அது தேநீர்ச் செலவு.

தொகையை விடுங்கள். அத்தகைய விளம்பரத்தில் ஒரு தீய சொல்லும் இராது. அடைமொழிகூடக் குறைவாக இருக்கலாம். அதன் குற்றம் அதைப் படிக்காதவரிடம் இருக்கிறது. வாயிற்பலகை ‘சைவம் மட்டும்’ என்று சொன்னபோது, மறுக்கப்பட்டவன் தான் மறுக்கப்பட்டதையேனும் படித்தான். கோபம் கொள்ளவும் வழியிருந்தது. இங்கே வீடு ஒன்று இருந்ததே அவனுக்குத் தெரியாது. அரபியில் விளம்பரத்துக்கு ‘இஃலான்’ என்று பெயர். வெளிப்படையாக்குதல் என்பது பொருள், இரகசியத்துக்கு நேர் எதிர்ச்சொல். சிலருக்கு மட்டும் வெளிப்படும் இஃலானை எந்த அகராதியில் வைப்பது? திறனாய்வாளர்க்குக் கையில் கிடைத்த பிரதிதான் முதல். கிடைக்காத பிரதியை அவர் எவ்வாறு ஆராய்வார்?

இவ்வளவும் பேசிவிட்டு நம் வாசலைப் பார்க்காதிருப்பது அறமாகாது. நம் ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், ‘முஸ்லிம் குடும்பத்துக்கு மட்டும்’ என்ற வரியோடு வீடுகள் நாள்தோறும் வருகின்றன. மற்ற இடங்களில் கதவு அடைபடுவதால் நம்மவர்க்கு நாமே இடம் தருகிறோம் என்பர். அந்த வாதத்தில் வேதனை இருக்கிறது. அதை நாம் எளிதாகத் தள்ளவில்லை. ஆனால் அந்த வரியைப் படிக்கும் ஓர் ஏழை இந்துத் தையற்காரர், நம் மாணவர் கேட்ட அதே பதிலைத்தானே கேட்கிறார்? ‘பள்ளிவாசல் இரண்டு தெரு தள்ளி, பாங்கு நன்றாகக் கேட்கும்’ என்று எழுதுங்கள். அது வீட்டின் வருணனை. விரும்புபவர் வருவார்.

வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைத் தேடு என்ற பொருளில் அரபியரிடையே ஒரு வழக்குமொழி உண்டே, அப்படியானால் ஆள் பார்த்து வீடு தருவதில் என்ன தவறு என்று ஓர் அன்பர் நம்மிடம் வாதிட்டார். அந்த மொழி வீடு தேடுபவனுக்குச் சொல்லப்பட்டது. போய் விசாரித்து அறிந்துகொள் என்கிறது. விசாரிப்பது என்றால் ஒரு மனிதரைச் சந்தித்தபின் நிகழ்வது. வாடகை ஒழுங்காகத் தருவாரா, முன்பிருந்த வீட்டில் எப்படி நடந்துகொண்டார் என்றெல்லாம் கேட்க வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு. ஒரு சமுதாயத்தையே விசாரணையின்றி வாசலில் நிறுத்துவதற்கு அந்த மொழியைச் சாட்சிக்கு அழைக்கமுடியாது.

சரி, நல்ல விளம்பரம் எப்படி இருக்கும்? எழுதிப் பார்த்தோம்.

“வேளச்சேரி. தரைத்தளம். இரண்டு படுக்கையறை, சுவர்களுக்குள் 780 சதுர அடி. குழாய் நீர் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆழ்துளைக் கிணறு உண்டு, நீர் சற்று உப்பு. 2023 டிசம்பரில் வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர் வந்தது. மூன்றாம் நாள் வடிந்தது. அதன்பின் மின்பலகையைத் தோளுயரத்துக்கு ஏற்றியிருக்கிறோம். பின்னறைச் சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். முன்னறைக்குக் காலை வெயில் வரும். வாடகையும் பராமரிப்புச் செலவும் தனித்தனியே கீழே. முன்பணம் மூன்று மாதம். ஞாயிறு காலை வந்து பார்க்கலாம்.”

இதில் அடைமொழி ஒன்றுமில்லை. ‘சற்று’ என்பதைத் தவிர. நனைந்த தானியம் மேலே இருக்கிறது. யார் வரவேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. இதைப் படித்து யார் வருவார்கள் என்று நகைப்போருண்டு. அடைமொழிகளை நம்பி ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் வந்து, சன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்புவதைவிட, இதைப் படித்து நால்வர் வந்தால் வீட்டுக்காரருக்கும் ஒரு பகற்பொழுது மிச்சம், வந்தவர்க்கும் பேருந்துக் காசு மிச்சம். அந்த நால்வரில் குடிபுகுபவர், ஐப்பசி மழையில் நடையில் நீர் ஏறும்போது கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைப்பார். வேறு வீடு தேடிக் கைப்பேசியை எடுக்கமாட்டார்.